அம்மா கையிலிருந்து போனைப் பிடுங்காதீர்கள்

திருப்பாதிரிப்புலியூரில் காய் வாங்கிவிட்டு அம்மா பணம் அனுப்பப் போனை எடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்து, பின் நம்பரில் இரண்டு எண்ணை அழுத்துவதற்குள், பின்னால் ஆள் நிற்கிறார்களே என்று நான் போனை வாங்கி டக்கென்று முடித்துவிட்டேன். அதற்கு முன்பு நாலு தடவை சொல்லிக் கொடுத்திருந்தேன். நாலு தடவையும் ஓடியது என் விரல்தான், அவர் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். வயசானவர்களுக்குச் சொல்லித்தரும்போது வீட்டுக்கு வீடு நடக்கிற தவறு இது. வயது ஏற ஏறப் புதிய விஷயத்தைப் பிடிக்கிற வேகம் குறையும், ஆனால் பிடிக்கவே முடியாமல் போவதில்லை. அப்புறம் நான் போனைத் தொடுவதை நிறுத்தினேன். அவரே ஒரு பழைய டைரியில் ஒவ்வொரு படியையும் தன் சொல்லில் எழுதிக்கொண்டார், ஒருநாள் விட்டு ஒருநாள் எனக்குப் பத்து ரூபாய் அனுப்பிப் பார்த்தார், இரண்டு வாரத்தில் டைரியே தேவைப்படவில்லை.

குழந்தைகளிடம் இதே தவறு வேறு மாதிரி நடக்கிறது. அக்கா மகனுக்கு ஐந்து வயது. ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் ஒரே அளவு பால் ஊற்றினேன், சமம் என்றான். அவன் கண்ணெதிரே ஒன்றை ஒல்லியான உயர டம்ளருக்கு மாற்றியதும், அதில்தான் அதிகம் என்றான். திரும்ப ஊற்றிக் காட்டினாலும் அதே பதில். ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலாளர் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு டம்ளர் மாறினாலும் பாலின் அளவு மாறாது என்பது ஏழு வயதை ஒட்டித்தான் தானாகப் பிடிபடுகிறது. அதுவரை மக்கு என்று திட்டுவதில் பயனில்லை. அந்த வயசில் கணக்கு கையில் இருக்க வேண்டும், புளியங்கொட்டையாக, சோழியாக. அரசுப் பள்ளிகளில் 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பாட்டு, விளையாட்டு என்று போவது இதனால்தான். வீட்டில் வந்து அதே பிள்ளையை உட்காரவைத்து நூறு தடவை எழுதச் சொல்லாதீர்கள்.

பத்தாவது, பிளஸ் டூ பிள்ளைகள் விஷயத்தில்தான் எனக்கு ரொம்ப ஆதங்கம். ராத்திரி பதினொன்றரை வரை படிக்கவைத்து விடிகாலை நாலு மணிக்கு எழுப்பிவிடுகிறோம். இந்த வயசில் தூக்கம் இயல்பாகவே தள்ளித்தான் வரும், அது சோம்பேறித்தனம் கிடையாது. படித்தது மனசில் படிவதும் தூக்கத்தில்தான். இன்னொன்று, மஞ்சள் பேனாவால் கோடு போட்டு அதே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள், ஆனால் ஒரு வாரம் கழித்து, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் கூடுதலாக ஞாபகம் இருந்தது. அதனால் புத்தகத்தை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு, "சரி, இப்போ நீ எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேளுங்கள். திக்கித் திக்கிச் சொல்வார்கள், நடுவில் புகுந்து எடுத்துக் கொடுக்காதீர்கள், அந்தத் திக்கலில்தான் பாடம் ஏறுகிறது.

நடுவயசுக்காரர்கள் "இனிமே மண்டையில ஏறாது" என்று தாங்களே கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். சொல்லித்தருகிறவர்களும் அவர்களை ஒன்றும் தெரியாதவர்களாக நினைத்து அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், அது இன்னும் மோசம். தேவனாம்பட்டினத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மீனவருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஜிபிஎஸ் கருவியின் பட்டன்களை வரிசையாகச் சொன்னபோது அவருக்கு எதுவும் நிற்கவில்லை. கரையில் தெரியும் கோபுரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் வைத்து அவர் மனசில் குறித்திருந்த மீன்படும் இடத்துக்கே போய், "இந்த இடத்தை இதில் குறிங்க" என்று மகன் சொன்னதும் பிடித்துக்கொண்டார். அன்றைக்கே ஆறு இடம் குறித்துவிட்டுத்தான் கரைக்குத் திரும்பினார்.