மட்டிப்பழத்தை அவசரமாகத் தின்னாதீர்கள்

நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் மட்டி வாழைப்பழம் வாங்கினால் பேசிக்கொண்டே நாலைந்தை உரித்துப் போட்டுவிடுவோம், அப்புறம் எப்படி இருந்தது என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்பதைத் தாண்டி ஒன்றும் சொல்ல வராது. நம்ம கன்னியாகுமரிப் பக்கம் பச்சைப்பிள்ளைக்கு முதன்முதலாக ஊட்டுகிற பழம், 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிய பழம். ருசிக்கப் பழக இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

குலையைத் தொட்டாலே உதிர்கிற பதத்தில் எடுங்கள். ஃப்ரிட்ஜில் வேண்டவே வேண்டாம், குளிர்ந்தால் மணமும் இனிப்பும் அடங்கிப்போகும். இனி மூக்கை இரண்டு விரலால் பொத்திக்கொண்டு பாதிப் பழத்தைக் கடித்து மெல்லுங்கள்: கொழகொழவென்று ஏதோ இனிக்கிறது, அவ்வளவுதான். விழுங்குவதற்குள் விரலை எடுத்து மூக்கு வழியாக மூச்சை மெல்ல விடுங்கள். வாய் முழுக்க மட்டி வந்து நிற்கும்! நாக்குக்கு எட்டுவது இனிப்பும் கொஞ்சம் புளிப்பும்தான், அதை மட்டியாக்குவது தொண்டையின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறுகிற மணம். தடுமன் பிடித்தால் எதுவும் சப்பென்று இருப்பது இதனால்தான்.

அடுத்தது மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சாளை மீன்கறியும். கிழங்கைக் கறியில் முக்காமல் ஒரு துண்டை வெறுமனே நன்றாக மெல்லுங்கள், எச்சில் பட்டு மாவு கரையக் கரைய லேசாக இனிக்கத் தொடங்கும். பிறகு கறி. முதலில் புளி, அதன் பின்னால் அரைத்த தேங்காய், கடைசியில் மீனின் நெய். திரும்பவும் வெறும் கிழங்கு. ஒரே ருசியை விடாமல் தின்றால் நாக்கு மரத்துவிடும், நடுவில் இப்படி ஒன்று வந்தால் அடுத்த வாய் கறி முதல் வாய் போலவே இருக்கும்.

காந்தாரி மிளகாயைக் கடைசிக்கு வையுங்கள். கார்ப்பை அறுசுவையில் சேர்த்திருக்கிறோம், ஆனால் உண்மையில் அது எரிச்சல். எரியும்போது சின்ன ருசிகள் தெரியாது. தண்ணீரில் அடங்காது, மோர் குடியுங்கள்.

தனியாகச் செய்வதைவிட வீட்டில் எல்லாரும் சேர்ந்து செய்யுங்கள். எங்கள் வீட்டில் ஒருவர் கண்ணை மூடிக்கொள்வார், ஒரு கரண்டி மீன்கறியை வாயில் விட்டு, குடம்புளியா சாதாரணப் புளியா என்று கேட்போம். இப்போது சின்னவள் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொல்வதில்லை.