குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல்: மருந்து கொடுத்தும் கேட்கவில்லையா?

மட்டக்களப்பில் கார்த்திகை மழை பிடித்தால் என் கோழிக்கூட்டில் ஏதாவது ஒன்று வரும். போன மாரியில் வந்தது இரத்தக் கழிச்சல். நான்கு கிழமைக் குஞ்சுகள் 30இல் 11 போய்விட்டன. மருந்து வாங்கி வைத்திருந்தும் போனதுதான் வயிற்றெரிச்சல்.

1. எச்சத்தைப் பாருங்கள்

3 முதல் 6 கிழமை வயதுக் குஞ்சு, இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் குந்தியிருக்கும். உமியில் இரத்தம் தெரியும். பெரும்பாலும் இது ஐமீரியா டெனெல்லா என்ற ஒட்டுண்ணியின் வேலை, குருட்டுக்குடலைப் பிடிப்பது. வேறு ஐமீரியா இனங்கள் இரத்தம் காட்டாமலே குஞ்சை மெலிய வைக்கும். அதனால் செத்த குஞ்சைப் புதைக்க முதல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

2. மருந்து

அம்ப்ரோலியம். 20% தூள் என்றால் ஒரு லீட்டர் தண்ணீருக்கு 1.2 கிராம், 5 நாள். பிறகு அதில் கால் பங்கு, ஒன்றிரண்டு கிழமைக்கு. பொதிக்குப் பொதி செறிவு மாறும், லேபிளைப் பார்த்தே கலக்குங்கள். வேறு தண்ணீர் வைக்க வேண்டாம்.

3. நான் சறுக்கிய இடம்

குஞ்சு சோர்ந்து கிடக்கிறதே என்று, கடையில் சேர்த்துத் தந்த வைட்டமின் தூளையும் அதே தண்ணீரில் கரைத்துவிட்டேன். மூன்று நாளாகியும் இரத்தம் நிற்கவில்லை. வைத்தியர் பொதியைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

அம்ப்ரோலியம் பார்வைக்கு வைட்டமின் பி1 மாதிரி. ஒட்டுண்ணி அதை பி1 என்று நம்பி உள்ளே எடுக்கும், உண்மையான பி1 கிடைக்காமல் முடங்கும். நானோ உண்மையான பி1ஐயே பக்கத்தில் வைத்துப் பந்தி பரிமாறியிருக்கிறேன்! பி வைட்டமின் கலந்த தூள் எதுவானாலும் மருந்து முடிந்த பிறகுதான்.

4. உமி

எச்சத்தோடு வெளிவரும் ஒட்டுண்ணியின் முட்டையுறை உடனே தொற்றாது. ஈரமும் சூடும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முற்றித் தொற்றத் தொடங்கும். ஆகவே குடிப்பானைச் சுற்றி நனைந்த உமியைத் தினமும் அள்ளிவிடுங்கள். குடிப்பானைச் செங்கல் மேல், குஞ்சின் முதுகு உயரத்துக்கு வையுங்கள். சிந்துவது குறையும். மரத்தூளை விட எனக்கு உமிதான் பிடிக்கும், மில்லில் சும்மாவே அள்ளலாம்.

குளோரின் தெளித்தால் போதும் என்று நானும் நினைத்தேன். அந்த உறைக்கு அது உறைக்காது. காலிக் கூட்டுக்கும் பாத்திரத்துக்கும் கொதிநீர், அப்புறம் நல்ல வெயில்.

பின்சேர்க்கை: களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு அக்கா, "பிள்ளைகளுக்குத் தொற்றுமா? ஆட்டுக்குட்டிக்கு வருமா?" என்று கேட்டிருந்தார். கோழியின் ஐமீரியா மனிதருக்கும் வராது, ஆட்டுக்கும் வராது. ஆட்டுக்கு அதற்கென்றே தனி ஐமீரியா உண்டு. ஆனால் பூனை வேறு கதை. அதன் மலத்தில் வரும் டொக்சோபிளாஸ்மாவும் இதே கூட்டத்து ஒட்டுண்ணிதான், மனிதருக்குத் தொற்றும், வயிற்றுப் பிள்ளையையும் பாதிக்கும். கர்ப்பிணிகள் பூனை மலம் அள்ள வேண்டாம். மற்றவர்கள் தினமும் அள்ளுங்கள், அந்த ஒட்டுண்ணி முற்றித் தொற்றத் தொடங்க ஒன்று முதல் ஐந்து நாள் எடுக்கும்.