ஐடிலிங் ஏறி இறங்குகிறதா? வேக்குவம் ஹோஸ் கசிவைப் பிடிக்கும் வழி

சிக்னலில் நிற்கும்போது ஆர்.பி.எம் முள் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடுகிறது, ஏசி போட்டால் இன்ஜின் அணைந்துவிடும்போல இருக்கிறது, ஆனால் ஓடும்போது ஒரு குறையும் தெரியவில்லை. இப்படி இருந்தால் பிளக், காயில் என்று காசைக் கொட்டும் முன் வேக்குவம் ஹோஸ்களை, அதாவது இன்ஜின் உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தை மற்ற பாகங்களுக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாய்களைப் பாருங்கள். த்ராட்டில் (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் கதவு) மூடியிருக்கும்போதுதான் மேனிஃபோல்டுக்குள் (அந்தக் காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாய்) வெற்றிடம் அதிகம். விரிசல் வழியாகத் திருட்டுக் காற்று நுழைவது அப்போதுதான். ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டால் முறையாக வரும் காற்றே ஏராளம், இது அதில் கரைந்துவிடும்.

1. முதலில் எண்கள்

வண்டியில் செருகினால் இன்ஜின் எண்களைப் போனில் காட்டும் புளூடூத் ஓ.பி.டி அடாப்டர் ஒன்று கையில் இருக்கட்டும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகே பாருங்கள். ஆக்ஸிஜன் சென்சார் வேலைக்கு வரும்வரை ஃப்யூவல் ட்ரிம் (கணக்கிட்டதைவிட எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ பெட்ரோல் விடுகிறது என்பது) எண்ணுக்கு அர்த்தமில்லை. ஐடிலிங்கில் லாங் டெர்ம் ட்ரிம் (நாளடைவில் பதிந்த திருத்தம்) +10 சதவீதத்தைத் தாண்டி இருந்து, 2500 ஆர்.பி.எம்மில் பிடித்தால் சுழிக்குப் பக்கத்தில் இறங்கினால், பெரும்பாலும் காற்றுக் கசிவுதான். இரண்டிலும் ஏறியே இருந்தால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் போங்கள்.

ஒரு விஷயம். நம்மூர்ச் சின்ன கார்கள் பலவற்றில், உள்ளே வரும் காற்றை நேராக அளக்கும் சென்சாருக்குப் பதில் மேப் சென்சார்தான் இருக்கிறது. அது மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடுவதால் கசியும் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடும். ட்ரிம் பெரிதாக ஏறாது, ஐடிலிங்தான் ஏறும். அந்த வண்டிகளில் மேப் அளவையே பாருங்கள். சூடான இன்ஜின், ஏசி அணைத்த நிலையில் 30 முதல் 40 கிலோபாஸ்கல் வரை இருப்பது வழக்கம். 50-ஐத் தொட்டால் சந்தேகப்படலாம்.

2. கையும் கண்ணும்

இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, ஒவ்வொரு ஹோஸாகத் தடவுங்கள். அதிகம் பழுதாவது, இன்ஜினுக்குள் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்குத் திருப்பும் பி.சி.வி ஹோஸ்தான். ஆயில் ஆவி பட்டுப் பட்டு ரப்பர் ஊறிப்போய், ஊறவைத்த அப்பளம்போல நொய்ந்திருக்கும். விரிசல் பெரும்பாலும் வளைவின் அடிப்பக்கம்தான், மேலிருந்து பார்த்தால் புத்தம் புதிதாகத் தெரியும். போனில் டார்ச்சைப் போட்டு, அப்படியே கீழே நுழைத்து வீடியோ எடுங்கள். கண்ணாடியை வைத்துக் கழுத்தை ஒடித்துக்கொள்வதை விட இது எவ்வளவோ மேல்.

3. நசுக்கிப் பார்ப்பது

எனக்கு மிகப் பிடித்த முறை இதுதான். இன்ஜினை ஓடவிட்டு, துணி சுற்றிய பிளையரால் ஒவ்வொரு ஹோஸையும் மேனிஃபோல்டு பக்கமாக மெதுவாக நசுக்குங்கள். எதை நசுக்கும்போது ஐடிலிங் அடங்குகிறதோ, அந்த வழியில்தான் கசிவு. காய்ந்து மொறுமொறுப்பான ஹோஸையும் கெட்டியான பிளாஸ்டிக் குழாயையும் நசுக்காதீர்கள், உடைந்துவிடும். அவற்றைக் கழற்றி, மேனிஃபோல்டு பக்கத்துத் துளையை அடைத்துப் பாருங்கள். பிரேக் பூஸ்டர் (பெடலை இலகுவாக்கும் பாகம்) ஹோஸை நசுக்கிப் பார்த்தால், பிளையரை எடுத்த பிறகுதான் வண்டியை நகர்த்த வேண்டும்.

வேட்டி, துப்பட்டா, தொங்கும் ஐடி கார்டு எதுவும் வேண்டாம். ரேடியேட்டர் ஃபேன் எந்த நேரமும் சுற்ற ஆரம்பிக்கும்.

4. தண்ணீர் ஸ்ப்ரே

ஹோஸ்கள் எல்லாம் சரி, ஆனாலும் ஐடிலிங் அடங்கவில்லை என்றால் மேனிஃபோல்டு கேஸ்கட், த்ராட்டில் பாடி கேஸ்கட், இன்ஜெக்டர் ஓ-ரிங் பக்கம் போக வேண்டும். மெக்கானிக்குகள் பலர் அங்கே கார்ப் கிளீனர் (கார்புரேட்டர் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடிப்பார்கள். சூடான சைலன்சர் மேனிஃபோல்டு பக்கத்தில் அதை அடிக்க நான் சொல்ல மாட்டேன், தீப்பிடிக்கும். துணி தேய்க்கும்போது தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, சந்தேகப்படும் இணைப்புகளில் அடித்தால் போதும். காயில், ஆல்டர்னேட்டர், வயர் கனெக்டர், சைலன்சர் மேனிஃபோல்டு மேல் மட்டும் படக்கூடாது.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். ‘அடித்துப் பார்த்தேன், ஆர்.பி.எம் மாறவே இல்லை, கசிவு இல்லை’ என்பார்கள். கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில் வண்டியில் ஆர்.பி.எம் மாறாது! காற்று கொஞ்சம் குறைந்ததும் இ.சி.யூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) த்ராட்டிலை இம்மி திறந்து சரிக்கட்டிவிடும். அதனால் முள்ளைப் பார்க்காமல், போனில் ஷார்ட் டெர்ம் ட்ரிம்மை (உடனுக்குடன் மாறும் திருத்தம்) பாருங்கள். தண்ணீர் விரிசலை அடைக்கும் அந்த நேரம் அது இறங்கும். மேப் சென்சார் வண்டியில் மேப் அளவையும் கவனியுங்கள். எண் மாறச் சில நொடி ஆகும், ஓர் இடத்தில் அடித்துவிட்டுப் பொறுத்திருந்து அடுத்த இடத்துக்குப் போங்கள். ஃபேன் ஓடும்போது அடித்தால் நீர்த்துளி பறந்து வேறெங்கோ படும், பலன் இல்லை.

5. மாற்றுவது

பழைய ஹோஸை இழுக்காதீர்கள், அது மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் நிப்பிள் (குழாய் முனை) ஒடிந்துவிடும். திருகி எடுங்கள். வரவில்லை என்றால் பிளேடால் நீளவாக்கில் கீறலாம், ஆனால் பிளேடு நிப்பிளில் படக்கூடாது. பட்ட கோடு வழியாகவே புது ஹோஸும் கசியும்.

சென்னைக்காரர்கள் பழைய துண்டை உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டி, உள்விட்டம் பார்த்து வாங்குங்கள். பி.சி.விக்கும் பெட்ரோல் ஆவி போகும் பர்ஜ் ஹோஸுக்கும் ஆயில், பெட்ரோல் தாங்கும் ரப்பர்தான் வேண்டும். கலர் கலராக வரும் சாதா சிலிக்கான் அதற்கு உதவாது. மீன் தொட்டி டியூப் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். இன்சுலேஷன் டேப்? வீடு போய்ச் சேர உதவும், அவ்வளவுதான்.

பிரேக் பூஸ்டர் ஹோஸை மாற்றினால் ஒருவழி வால்வின் திசையைக் கவனியுங்கள், காற்று பூஸ்டரிலிருந்து இன்ஜின் பக்கம்தான் போக வேண்டும். முடித்ததும் இன்ஜினை அணைத்த நிலையில் பெடலைப் பலமுறை மிதித்து, அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டருக்கு வேக்குவம் வருகிறது. இறங்காவிட்டால் தெருவுக்கு எடுக்காதீர்கள்.

பின்சேர்க்கை

எல்.பி.ஜி, சி.என்.ஜி கிட் போட்டவர்கள் சிலர், எல்லாம் பார்த்தும் கசிவு கிடைக்கவில்லை என்றார்கள். கிட்டின் ரெட்யூசருக்கு (கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் பாகம்) வேக்குவம் எடுக்க மேனிஃபோல்டு ஹோஸை வெட்டி ஒரு டி-ஜாயின்ட் நுழைத்திருப்பார்கள். கம்பெனி வரைபடத்தில் அது இருக்காது. ரெட்யூசரிலிருந்து வரும் மெல்லிய குழாயைப் பிடித்துக்கொண்டே போய் அந்த ஜாயின்டைத் தேடுங்கள், மூன்று முனையிலும் கிளிப் இருக்கிறதா என்று பாருங்கள். டீசல் பற்றிக் கேட்டவர்களுக்கு: அதில் பிரேக் பூஸ்டருக்குத் தனி வேக்குவம் பம்ப் இருக்கும், இந்த ட்ரிம் கணக்கெல்லாம் அங்கே செல்லாது.