பெற்றோரைப் பார்த்துக்கொள்வதில் நல்ல பிள்ளைகளும் செய்யும் தவறுகள்

"எப்படியும் உங்களுக்கு அப்புறம் எங்களுக்குத்தானே, இப்பவே எழுதிக் கொடுத்துடுங்களேன்." இந்தப் பேச்சு வீட்டில் எழும்போது யார் மனதிலும் கெட்ட எண்ணம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. மகனுக்கு வீட்டின் பேரில் லோன் தேவைப்படும். பின்னால் அண்ணன் தம்பிக்குள் தகராறு வரக்கூடாதென்று அப்பாவே நினைத்திருப்பார். சொத்தைக் குடும்பத்துக்குள் எழுதிக் கொடுக்கும் செட்டில்மெண்ட் பத்திரத்துக்குச் செலவும் குறைவு. சார்பதிவாளர் அலுவலகத்தில் போட்டோ எடுத்து, கைரேகை வைத்து, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். காலையில் தன் வீட்டிலிருந்து கிளம்பிய அப்பா, மதியம் மகன் வீட்டுக்குத் திரும்பி வருகிறார்.

பெற்றோரைத் தெருவில் விட்டவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் படித்து 'ச்சே' என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறோம். நான் சொல்ல வருவது அவர்களைப் பற்றி அல்ல. பாசமுள்ள, மாதாமாதம் பணம் அனுப்புகிற, ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற பிள்ளைகளின் வீடுகளிலேயே ஏன் இத்தனை மனக்கசப்பு? பெரும்பாலும், யார் என்ன செய்வது என்று வாய்விட்டுப் பேசியிருக்க மாட்டார்கள். பேசியிருந்தால், சம்பந்தப்பட்ட பெரியவரைப் பக்கத்து அறையில் உட்காரவைத்துவிட்டுப் பேசியிருப்பார்கள்.

சொத்தை அவசரப்பட்டு எழுதுவது

உயிலும் செட்டில்மெண்டும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அதை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்தும் போடலாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் நல்லது. செட்டில்மெண்ட் அப்படியில்லை. பதிவானதும் சொத்து கைமாறிவிடும். மனம் மாறினால் நாமாகப் போய் ரத்து செய்துவிட்டு வர முடியாது.

அதற்காகத்தான் 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தில் 23ஆம் பிரிவு இருக்கிறது. அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்க, இந்தச் சட்டப்படி மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயத்தைக் கேட்கலாம். இதில் சிக்கலே 'நிபந்தனையோடு' என்ற சொல்லில்தான். அந்த நிபந்தனை இருந்ததாகக் காட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பில், இது முதியோர் நலனுக்கான சட்டம், அந்த நோக்கம் நிறைவேறும்படி தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று சொல்லி, ஒரு தாய்க்கு அவர் சொத்தைத் திரும்பக் கொடுக்க உத்தரவிட்டது. நமக்கு ஏன் இந்த வம்பு? எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் பத்திரத்திலேயே இரண்டு விஷயத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். முதலாவது, எழுதிக் கொடுப்பவரும், அவருக்குப் பின் அவர் மனைவியும் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமை. இரண்டாவது, சாப்பாடு, மருத்துவம், பராமரிப்பு ஆகியவற்றை வாங்குபவர் செய்ய வேண்டும், தவறினால் ரத்து செய்யலாம் என்ற வாசகம். பத்திரம் எழுதுபவர் "பிள்ளைகிட்ட போய் இதெல்லாம் எதுக்குங்க" என்று சிரிப்பார். சிரிக்கட்டும், எழுதட்டும்.

மனைவியைப் பற்றி அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வீடு அப்பா பெயரில் இருக்கும். அவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிடுவார். பிறகு பத்துப் பதினைந்து வருடம் அந்த வீட்டில் காலம் தள்ளப்போவது அம்மா. பத்திரத்தில் அவர் பெயர் எங்குமே இருக்காது.

முறை வைத்துப் பார்ப்பது

மூன்று பிள்ளைகள் என்றால் வருடத்துக்கு நான்கு நான்கு மாதம். காகிதத்தில் இதைவிட நியாயமான ஏற்பாடு கிடையாது. ஆனால் அந்த அம்மாவின் பெட்டியைத் திறந்து பாருங்கள். நான்கு புடவை, மாத்திரை டப்பா, பழைய சீட்டுகள் திணித்த ஒரு பிளாஸ்டிக் பை, ஸ்கேன் கவர். பீரோவில் அவருக்கென்று ஒரு தட்டு எந்த வீட்டிலும் இல்லை. எங்கே போனாலும் பேரப்பிள்ளையின் அறையில் ஒரு கட்டில், பரீட்சை வந்தால் கட்டில் ஹாலுக்கு வரும்.

மருத்துவம் இதில் முதலில் சீர்குலைகிறது. மதுரையில் ஒரு டாக்டர், கோவையில் ஒருவர், சென்னையில் ஒருவர். ஒவ்வொருவரும் முந்தையவர் எழுதியதன்மேல் ஒன்று சேர்க்கிறார்கள். நிறுத்துபவர் யாரும் இல்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. பெரியவர் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தால் அவரைத் தேடி எந்த வாசலுக்கு வருவது? மறதி நோயின் தொடக்கத்தில் இருப்பவருக்கு இது இன்னும் கொடுமை. பழகிய வீட்டில் இருட்டிலேயே பாத்ரூமுக்குப் போய் வருபவர், புது வீட்டில் நடு ராத்திரி சமையலறையில் நின்று அழுவார். 'எங்க வீட்டுக்கு வந்ததும் ரொம்ப மோசமாயிட்டாங்க' என்று ஒரு மருமகள் சொல்வது பொய்யில்லை. இடம் மாறினால் அப்படி ஆகும்.

அப்பாவை ஒரு மகனும் அம்மாவை இன்னொரு மகனும் பங்கு போட்டுக்கொள்ளும் வீடுகளும் உண்டு. ஐம்பது வருடம் சண்டை போட்டுக்கொண்டே வாழ்ந்த தம்பதியைக்கூட அப்படிப் பிரிக்காதீர்கள். சண்டை போட ஆளில்லாமல் போனால் வேகமாக ஒடுங்கிவிடுவார்கள்.

ஆளை நகர்த்துவதற்குப் பதில் வேலையைப் பங்கு போடுங்கள். பெரியவர் எங்கே இருக்க ஆசைப்படுகிறாரோ அங்கே ஒரு நிலையான இடம். மற்றவர்கள் அங்கே வந்து முறை செய்யட்டும். ஒருவர் பணம், ஒருவர் ஆஸ்பத்திரி, ஒருவர் வருடத்தில் சில வாரம் வந்து தங்கி, கூட இருப்பவரை வெளியூர் அனுப்பி வைப்பது.

பணம் அனுப்பியதோடு கடமை முடிந்தது என்பது

வெளிநாட்டில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பணம் இல்லாவிட்டால் பல வீடுகளில் மருத்துவமே நடக்காது. ஆனால் வருடத்துக்கு ஒரு முறை பத்து நாள் வந்து, "ஏன் இந்த டாக்டர்? ஏன் அம்மா இவ்ளோ இளைச்சிருக்காங்க? இந்த ஃபிரிட்ஜை ஏன் இன்னும் மாத்தலை?" என்று கேள்வி கேட்டுவிட்டு ஏர்போர்ட் போகும் பிள்ளை, அங்கேயே இருந்து பார்க்கும் மகளையோ மருமகளையோ உடைத்துவிட்டுப் போகிறார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பெட்ஷீட் மாற்றுபவருக்குக் கேள்விகள் தேவையில்லை. தூங்க ஒரு ராத்திரி தேவை. வந்த பத்து நாளில் அந்த ராத்திரி வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டு பாருங்கள். முடிவெடுப்பதும் அன்றாடம் பார்ப்பவர் பக்கமே சாய்ந்திருக்க வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் ஓட்டெடுப்பு நடத்தி அம்மாவுக்கு ஆபரேஷன் முடிவு செய்ய முடியாது.

செலவுக் கணக்கையும் ஆரம்பத்திலேயே தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டுப் போதும். 'அண்ணன் தம்பிக்குள்ள என்ன கணக்கு' என்று தொடங்கிய வீடுகளில்தான், காரியம் முடிந்த பதினாறாம் நாள் கணக்குப் பேச்சு கிளம்பும்.

தொலைவில் இருப்பவருக்கு இன்னொன்று. "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டால் "நான் நல்லா இருக்கேன், நீ சாப்டியா?" என்பதுதான் எந்தத் தமிழ் அம்மாவும் சொல்லும் பதில். அதில் தகவல் ஒன்றுமில்லை. "காலையில என்ன டிபன்? யார் செஞ்சது? அட்டையில மாத்திரை எத்தனை மிச்சம் இருக்கு, பாத்துச் சொல்லு" என்று கேளுங்கள். 30 மாத்திரை வாங்கி 20 நாள் ஆன பிறகு 22 மிச்சம் இருந்தால் விஷயம் தெரிந்துவிடும்.

'வயசானா அப்படித்தான்'

இந்த ஒரு வார்த்தையால் தப்பிப்போன நோய்கள் ஏராளம். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று உளறினால் அது முதுமை இல்லை. சிறுநீரில் கிருமித் தொற்று, சோடியம் குறைவு, சுகர் இறங்கிப்போனது, புதிதாகச் சேர்த்த ஒரு மாத்திரை, பக்கவாதத்தின் தொடக்கம், இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் அடிக்காமலேகூட இருக்கும். குழப்பம் மட்டுமே அறிகுறியாகத் தெரியும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம் அது. மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல வரும், ஒரே ராத்திரியில் வராது.

சுகர் மாத்திரையில் ஒரு கண் வையுங்கள். பல் போய், பசி குறைந்து, இரவில் அரை இட்லியோடு எழுந்துவிடுபவர், மூன்று வேளை வயிறாரச் சாப்பிட்ட காலத்தில் எழுதிக் கொடுத்த அதே அளவு மாத்திரையைப் போட்டுக்கொண்டிருப்பார். விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி மயங்கி விழுவார். 'பாத்ரூம்ல வழுக்கிட்டார்' என்று வீட்டில் சொல்வார்கள். மூட்டுவலிக்கு மெடிக்கலில் தாமாகவே வாங்கிப் போடும் வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். காது மந்தமானவரைப் 'பேச்சே குறைஞ்சிடுச்சு' என்று விட்டுவிடுகிறோம், ஆனால் காதில் விழாதவர் பேச்சில் எப்படிக் கலந்துகொள்வார்?

முதியோர் மருத்துவம் தனித் துறை என்பதே பலருக்குத் தெரியாது. டாக்டர் வி.எஸ். நடராஜனின் முயற்சியில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இலேயே முதியோருக்கென்று புறநோயாளிப் பிரிவு வந்துவிட்டது. கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது. ஐந்து டாக்டர்களின் சீட்டுகளையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு ஒருமுறை இப்படிப்பட்ட மருத்துவரிடம் போய், "இதில் எதை நிறுத்தலாம்?" என்று கேளுங்கள். அங்கே அம்மாவிடம் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.

மகள் வீடு

சொத்து என்று வந்தால் "உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே" என்று, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். படுக்கையில் விழுந்ததும் "பொண்ணு பார்த்தா மாதிரி வருமா?" என்பார்கள். இரண்டையும் ஒரே வாய் சொல்லும். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு என்பதை 1989இலேயே சட்டமாக்கிய மாநிலம் இது. பெற்றோரைக் காப்பாற்றும் பொறுப்பும் சட்டப்படி மகன், மகள், வயதுக்கு வந்த பேரன், பேத்தி எல்லோருக்கும் உண்டு. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. நடைமுறையில் பெரும்பாலான வேலையைச் செய்வது அவர்தான். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: மகள் மனதார அழைத்தால், ஊர் என்ன சொல்லுமோ என்று தயங்கிக்கொண்டு மகன் வீட்டு வராந்தாவில் காலம் கழிக்காதீர்கள்.

பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு

பென்ஷன் கணக்கில் மகனின் செல் நம்பரைக் கொடுத்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. அதன்பிறகு பணம் வந்ததும் தெரியாது, எடுத்ததும் தெரியாது. பெரியவரிடம் பட்டன் போனாவது இருக்குமில்லையா, அந்த நம்பரே கணக்கில் இருக்கட்டும். நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர்; நாமினியாகப் பெயர் இருப்பதாலேயே பணம் அவருக்குச் சொந்தமாகிவிடாது. இது தெரியாமல் பின்னால் அடித்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. கையில் கொஞ்சம் ரொக்கமும் வேண்டும். பேத்திக்கு ஐம்பது ரூபாய் கொடுப்பதற்கு மகனிடம் கை நீட்ட வேண்டிய நிலை எந்த வியாதியைவிடவும் ஆளைக் குறுக்கிவிடும்.

முதியோர் இல்லம்

அதைப் பாவம் என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. வேலைக்குப் போகும் இருவரும் காலை எட்டு மணிக்குப் பூட்டிவிட்டுப் போகும் ஃபிளாட்டைவிட, பேச ஆளிருக்கும் நல்ல இல்லம் சிலருக்கு மேல். தவறு, பொய் சொல்லிக் கொண்டுபோய் விடுவது. 'ரெண்டு நாள்தாம்மா, வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறோம்' என்று விட்டுவிட்டு வந்தால், அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார். முன்பே சேர்ந்து போய்ப் பாருங்கள். ஒரு வாரம் தங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் திரும்பி வரும் வழி திறந்திருக்க வேண்டும்.

புகார் கொடுத்தால் மானம் போய்விடும் என்பது

இது பெரியவர்கள் செய்யும் தவறு. பட்டினி கிடந்தாலும் பிள்ளை மேல் மனு கொடுக்க மாட்டார்கள். 2007 சட்டத்தின்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம், நம் பேச்சில் ஆர்.டி.ஓ.விடம், வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்தால் போதும். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கொடுக்க அவர் உத்தரவிடலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், தேவைப்பட்டால் 30 நாள் நீட்டிக்கலாம். முதலில் இரு தரப்பையும் உட்காரவைத்துச் சமரசம் பேச வைக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. பெரியவரால் போக முடியாவிட்டால் அவர் அனுமதித்த ஒருவர் கொடுக்கலாம். பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்து யாருக்குப் போய்ச் சேருமோ அந்த உறவினரிடம் பராமரிப்புக் கேட்கலாம்.

மனு கொடுக்கத் தயங்குபவர்கள் முதலில் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குப் பேசிப் பார்க்கலாம். அழைக்கக் கட்டணமில்லை. பெரியவருக்கு எண்ணைப் பார்த்து அழுத்தக் கண் தெரியாவிட்டால், பக்கத்து வீட்டுக்காரர் அழைத்துக் கொடுத்தாலும் போதும்.