வெளிநாட்டுத் துணையை அழைத்துக்கொள்ள எந்த விசா? ஆரம்பத்திலிருந்து பார்க்கலாம்

"எந்த விசாவுக்குப் போடலாம்?" என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். என் மனைவியை அழைத்துக்கொள்ள நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். விசா பெயர்களையும் படிவ எண்களையும் தேடித் தேடி மூன்று வாரம் போனதுதான் மிச்சம். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள். அழைக்கிற நீங்கள் அந்த நாட்டில் யார்? வரப்போகிறவர் சட்டப்படி உங்களுக்கு யார்? இந்த இரண்டுக்கும் பதில் எழுதிவிட்டால் பாதி விசாக்கள் தானாகவே அடிபட்டுப் போகும்.

படி 1: நீங்கள் யார்?

குடிமகனா, நிரந்தர வசிப்புரிமை (பிஆர்) பெற்றவரா, வேலை விசாவில் இருப்பவரா, மாணவரா? ஒரே நாட்டில்கூட இந்த நான்கு பேருக்கும் வழி வேறு வேறு.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். குடிமகனின் மனைவிக்கோ கணவருக்கோ ஆண்டு ஒதுக்கீடு என்ற வரம்பே இல்லை. கிரீன் கார்டு வைத்திருப்பவரின் துணை எஃப்2ஏ என்ற பிரிவில் வருவார். அதற்கு ஒதுக்கீடு உண்டு, வரிசையும் உண்டு. கனடாவில் குடிமகன், பிஆர் இருவருமே துணையை ஸ்பான்சர் செய்யலாம். ஆனால் பிஆர் கனடாவிலேயே வசிக்க வேண்டும். குடிமகன் வெளிநாட்டில் இருந்துகொண்டும் விண்ணப்பிக்கலாம், துணைக்கு பிஆர் கிடைத்ததும் கனடாவுக்குத் திரும்புவேன் என்று காட்டினால் போதும்.

வேலை விசாவில் இருப்பவர்கள், அவர்களைச் சார்ந்து வரும் குடும்பத்துக்கான டிபெண்டன்ட் விசாவைப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: விசா கிடைப்பது வேறு, வந்தவர் வேலைக்குப் போக முடிவது வேறு. பிரிட்டனில் ஸ்கில்டு வொர்க்கர் விசாக்காரரின் துணை வேலை பார்க்கலாம். அமெரிக்காவில் எச்-4 என்ற டிபெண்டன்ட் விசாவில் வருபவர், எச்-1பி வேலை விசாவில் இருக்கும் துணையின் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டிய பிறகுதான் வேலை அனுமதி கேட்க முடியும். சிங்கப்பூரில் டிபெண்டன்ட் பாஸில் இருப்பவர் 2021 மே முதல் வேலைக்கென்று தனியாக ஒரு பாஸ் வாங்கியாக வேண்டும். பிரிட்டனுக்குப் படிக்கப் போகிறவர்களில், 2024 ஜனவரிக்குப் பிறகு படிப்பைத் தொடங்கியவர்கள் ஆராய்ச்சிப் படிப்பு போன்ற சில வகைகளில் இருந்தால்தான் துணையை அழைக்க முடியும். வெறும் எம்எஸ்சி என்றால் கதவு மூடிவிட்டது.

இன்னொரு வேடிக்கை ஐரோப்பாவில். ஜெர்மன் குடிமகன் ஒருவர் ஜெர்மனியில் இருந்துகொண்டு வெளிநாட்டு மனைவியை அழைத்தால், பொதுவாக மனைவி ஏ1 என்ற தொடக்க நிலை ஜெர்மன் மொழித் தேர்வு எழுதிவிட்டுத்தான் வர வேண்டும். அதே ஆள் ஸ்பெயினில் வேலை பார்த்துக்கொண்டு அங்கே அழைத்தால் 2004-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியச் சுதந்திர நடமாட்ட விதி பொருந்தும். மொழித் தேர்வு கிடையாது, நுழைவு விசாவுக்குக் கட்டணமும் கிடையாது. சொந்த வீட்டைவிடப் பக்கத்து வீட்டில் உரிமை அதிகம்! அதனால் 'எந்த நாட்டுக்காரர்' என்பதோடு 'இப்போது எங்கே வசிக்கிறார்' என்பதையும் அந்தத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: அவர் உங்களுக்கு யார்?

மனதளவில் அவர் யார் என்று எந்த அதிகாரியும் கேட்கப்போவதில்லை. தாளில் யார் என்பதுதான் கேள்வி.

பதிவுத் திருமணம் முடிந்திருந்தால் வழி நேராக இருக்கும். சடங்கோடு மட்டும் நின்று, சட்டப்படி பதிவாகாத திருமணத்தைப் பெரும்பாலான நாடுகள் ஏற்பதில்லை. வீடியோ காலில் கல்யாணம் செய்துகொண்டவர்களும் கவனிக்க வேண்டும். இருவரும் ஒரே இடத்தில் இல்லாமல் நடந்த திருமணத்தை அமெரிக்கக் குடியேற்றச் சட்டம், அதற்குப் பிறகு இருவரும் நேரில் இணைந்து தாம்பத்தியம் நடத்தியிருந்தால்தான் கணக்கில் எடுக்கும்.

திருமணம் ஆகாமல் சேர்ந்து வாழ்பவர்களா? கனடாவில் 12 மாதம் தொடர்ந்து ஒரே வீட்டில் இருந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் பொதுவாக 12 மாதம்தான். ஆனால் சில மாநிலங்களில் உறவைப் பதிவு செய்துகொண்டால் அந்த நிபந்தனை போய்விடும். பிரிட்டன் இரண்டு ஆண்டு உறவைக் கேட்கிறது. அமெரிக்காவின் குடியேற்ற விசாவில் இந்த வகையே கிடையாது. அங்கே ஒன்று கல்யாணம், இல்லையென்றால் நிச்சயதார்த்தம்.

சேர்ந்து வாழவே முடியாத நிலையில் இருப்பவர்களுக்குக் கனடா 'கான்ஜுகல் பார்ட்னர்' என்று ஒரு வகை வைத்திருக்கிறது. குறைந்தது ஓராண்டு உறவு இருக்க வேண்டும், சட்டமோ விசாவோ தடுத்ததால்தான் சேர முடியவில்லை என்று நிரூபிக்க வேண்டும். தூரம், வேலை, வசதி இதெல்லாம் காரணமாகாது.

வயதையும் பார்த்துவிடுங்கள். டென்மார்க்கில் பொதுவாக இருவருக்கும் 24 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

படி 3: கல்யாணம் செய்துவிட்டுப் போவதா, போய்ச் செய்துகொள்வதா?

அமெரிக்காவின் கே-1 விசா நிச்சயித்தவர்களுக்கானது. குடிமகன் மட்டுமே கேட்கலாம். விண்ணப்பிப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் ஒருமுறையாவது நேரில் சந்தித்திருக்க வேண்டும். வந்து இறங்கிய 90 நாளுக்குள் திருமணம் முடிய வேண்டும். அந்தக் கெடுவை நீட்டிக்க முடியாது. அதன்பிறகு கிரீன் கார்டுக்குத் தனியாக விண்ணப்பம், தனியாகக் கட்டணம். வேலை அனுமதி வரும்வரை வீட்டில்தான் இருக்க வேண்டும். திருமணம் முடித்துவிட்டுத் துணைக்கான விசாவில் வருபவருக்கோ இறங்கிய நாளிலிருந்தே பிஆர். பிரிட்டனின் நிச்சய விசாவும் ஆறு மாதம்தான், அதிலும் வேலைக்குப் போக முடியாது.

என்னைக் கேட்டால் முடிந்தவரை கல்யாணத்தை முடித்துவிட்டு விண்ணப்பிப்பதே நல்லது. புது ஊரில், பழக்கமில்லாத வீட்டில், சம்பாத்தியமும் இல்லாமல் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பது எந்த உறவையும் படுத்தி எடுக்கும். துணையின் நாட்டில் திருமணம் செய்ய வழியே இல்லை என்றால் மட்டும் நிச்சய விசா.

படி 4: பணம்

இங்கேயும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கணக்கு. பிரிட்டன் 2024 ஏப்ரல் 11 முதல் ஆண்டு வருமான வரம்பை 18,600 பவுண்டிலிருந்து 29,000 ஆக்கியது. வருமானமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண்ட், அதுவும் ஆறு மாதம் கையில் இருந்த பணமாக இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் துணை அங்கே எவ்வளவு சம்பாதித்தாலும் அந்தச் சம்பளம் இந்தக் கணக்கில் சேராது. பலர் இடறி விழுவது இங்கேதான்.

அமெரிக்காவில் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீத வருமானம் வேண்டும். குறைந்தால் இன்னொருவர் கூட்டு ஸ்பான்சராகக் கையெழுத்துப் போடலாம். போடுவதற்கு முன் ஐ-864 என்ற அந்த ஸ்பான்சர் பொறுப்புப் படிவத்தை முழுதாகப் படியுங்கள்: விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்பு தீராது. கனடாவில் துணையை அழைக்கப் பெரும்பாலும் வருமான வரம்பு இல்லை. மூன்று ஆண்டு பராமரிப்பேன் என்ற உறுதிமொழி உண்டு.

படி 5: உறவுக்கான ஆதாரம்

உட்கார்ந்து வேலை செய்ய வேண்டிய இடம் இது. அதிகாரி உங்களைப் பார்த்ததில்லை. அவர் மேசையில் இருப்பது ஒரு கட்டுத் தாள். அதைப் புரட்டினால் முதல் சந்திப்பிலிருந்து இன்றுவரை ஒரே கதை, ஒரே தேதிகளோடு வர வேண்டும்.

நாங்கள் முதலில் செய்த தப்பு, வாட்ஸ்அப் உரையாடலை மொத்தமாக பிரிண்ட் எடுத்தது. எண்ணூறு பக்கம் தாண்டியது, பாதி 'சாப்பிட்டியா?', மீதி ஸ்டிக்கர். யார் படிப்பார்கள்? அப்புறம் மாதத்துக்கு ஒரு பக்கம் என்று பொறுக்கினோம். விமான டிக்கெட் போட்டதைப் பேசிய நாள், அவள் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாள், சண்டை போட்டுப் பேசாமல் இருந்த வாரத்துக்கு அடுத்த நாள். ஒவ்வொன்றின் கீழும் தேதியும் ஒரு வரி விளக்கமும்.

போட்டோவிலும் இதே முறைதான். இருவரும் மட்டும் நிற்கிற செல்ஃபி நாற்பது வேண்டாம். இரண்டு வீட்டாரும் நண்பர்களும் இருக்கிற, வேறு வேறு காலத்துப் படங்கள் பதினைந்து போதும். எங்கே, எப்போது, யார் யார் என்று எழுதுங்கள். போர்டிங் பாஸ், ஒருவருக்கொருவர் அனுப்பிய பணத்தின் ரசீது, இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், நாமினியாகத் துணையைப் போட்ட காப்பீடு இதெல்லாம் போட்டோவைவிட எடை கூடியவை.

கடைசியாக இருவரும் தனித்தனியாக உறவின் கதையை இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். எழுதி முடித்தபின் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதிகளை ஒப்பிடுங்கள். நான் முதல் சந்திப்பு மார்ச் என்று எழுதியிருந்தேன், அவள் பிப்ரவரி என்று எழுதியிருந்தாள். பழைய டிக்கெட்டைத் தேடி எடுத்துப் பார்த்ததில் அவள் சொன்னதுதான் சரி.

படி 6: சான்றிதழ்கள்

திருமணச் சான்று, பிறப்புச் சான்று, முந்தைய திருமணம் இருந்தால் விவாகரத்துத் தீர்ப்பு, போலீஸ் சான்று, மருத்துவப் பரிசோதனை. சில நாடுகளுக்கு, சான்று உண்மையானதுதான் என்று அதைக் கொடுத்த நாடு போடும் அபோஸ்டில் முத்திரையும் வேண்டும். அபோஸ்டிலுக்கான ஹேக் உடன்படிக்கையில் இல்லாத நாட்டின் சான்று என்றால் தூதரகத்தின் சான்றொப்பம் (அட்டெஸ்டேஷன்) தேவைப்படலாம். போலீஸ் சான்றுக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் காலாவதி உண்டு என்பதால் முதலிலேயே எடுத்து வைக்காதீர்கள். பிரிட்டனுக்கான காசநோய்ச் சான்று ஆறு மாதம்தான் செல்லும்.

மொழிபெயர்ப்பை ஒருமுறை விரல் வைத்துப் படியுங்கள். எங்கள் திருமணச் சான்றில் 04/07 என்று இருந்தது. மொழிபெயர்த்தவர் அதை ஏப்ரல் 7 என்று எழுதிவிட்டார். நடந்தது ஜூலை 4. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்து, திருத்தி அனுப்பி, இரண்டரை மாதம் காற்றில் போனது. இப்போது யார் கேட்டாலும் மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள் என்கிறேன். ஒரு தாளில் இனிஷியலோடும் இன்னொன்றில் முழுப் பெயரோடும் இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு அஃபிடவிட் சேர்த்துவிடுங்கள்.

படி 7: டூரிஸ்ட் விசா யோசனை

"சுற்றுலா விசாவில் வரச் சொல், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்ல ஒருவராவது இருப்பார். கேட்காதீர்கள். பிரிட்டனில் விசிட்டராக வந்தவர் உள்ளே இருந்தபடி துணை விசாவுக்கு மாற முடியாது. ஆஸ்திரேலியாவில் சில விசிட்டர் விசாக்களில் 8503 என்ற நிபந்தனை இருக்கும். அது இருந்தால் உள்ளே இருந்து வேறு விசா கேட்பது பெரும்பாலும் நடக்காது. அமெரிக்காவில் அனுமதிக் காலம் முடிந்து 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால் மூன்று ஆண்டு தடை, ஓராண்டைத் தொட்டால் பத்தாண்டு.

பழைய விசா மறுப்பையும் மறைக்காதீர்கள். மறுப்பை மன்னிப்பார்கள், மறைத்ததை மன்னிக்க மாட்டார்கள். ஓவர்ஸ்டே, வழக்கு, வேறு நாட்டில் நடந்த விவாகரத்து இவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் குடியேற்ற வக்கீலுக்குச் செலவு செய்யுங்கள். மற்றவர்களுக்கு அரசு இணையதளமும் பொறுமையும் போதும்.

படி 8: வந்த பிறகு

விசா வந்ததும் கோப்பைப் பரணில் போட்டுவிடாதீர்கள். திருமணமாகி இரண்டு ஆண்டு ஆவதற்குள் அமெரிக்காவுக்கு வந்தால் கிடைப்பது இரண்டு ஆண்டு நிபந்தனைக் கார்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள், நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 படிவத்தை அனுப்ப வேண்டும். ஆஸ்திரேலியாவில் முதலில் தற்காலிகம், விண்ணப்பித்து இரண்டு ஆண்டு கழித்து நிரந்தரத்துக்கான பரிசீலனை. பிரிட்டனில் முதல் விசா 33 மாதம், நீட்டிப்பு 30 மாதம், ஐந்தாம் ஆண்டில் நிரந்தரம்.

இந்த ஒவ்வொரு கட்டத்திலும், சேர்ந்துதான் வாழ்கிறீர்களா என்று மறுபடி கேட்பார்கள். அதனால் துணை வந்த முதல் மாதமே மின் கட்டணத்திலோ வங்கிக் கணக்கிலோ இரண்டு பெயரையும் சேர்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் பில் அவள் பெயரில் வருகிறது, இன்டர்நெட் பில் என் பெயரில். இரண்டையும் கட்டியதும் நேராக அதே பழைய கோப்புக்குத்தான் போகும்.