தொகை கட்டத்தை விட்டு மேலேறியது ஏன்?

மெயின்ஃப்ரேமிலிருந்து (நிறுவனங்களின் பெரிய கணினி) தொடர்தாளில் பில் அடித்தபோது முதல் தாள் கச்சிதமாக வந்தது. இரண்டாவதில் தொகை கட்டத்துக்கு ஒரு அங்குலம் மேலே; மூன்றாவதில் இரண்டு அங்குலம். 12-வது தாள் மறுபடி சரி! அதுதான் துப்பு. புதிதாக வந்த முன்அச்சுப் படிவத்தின் உயரம் 12 அங்குலம். எஃப்சிபியோ (தாளின் நீளம், வரி இடைவெளியைப் பிரிண்டருக்குச் சொல்லும் அமைப்பு) பழைய 11 அங்குலத்துக்கு, அங்குலத்துக்கு 6 வரி வீதம் 66 வரி என்று இருந்தது. 72 வரிக்குப் புது எஃப்சிபி எழுதி, ஜேசிஎல்லின் (மெயின்ஃப்ரேமுக்கு வேலை சொல்லும் கட்டளை மொழி) அவுட்புட் ஸ்டேட்மென்ட்டில் படிவப் பெயரோடு சேர்த்தே கொடுத்தேன். தொகை கட்டத்துக்குள் உட்கார்ந்தது.

அப்புறம், ஏஎஃப்பி (ஐபிஎம்மின் அச்சு வடிவமைப்பு முறை) லேசர் பிரிண்டருக்குப் போகும் பில்களுக்குக் கட்டங்களையே ஓவர்லேயாக்கி (பில்லோடு சேர்ந்தே அச்சாகும் பின்னணிப் படிவம்) ஃபார்ம்டெஃபில் (பக்கம் தாளில் எப்படி அமையும் என்று சொல்லும் கோப்பு) சேர்த்துவிட்டேன். வெற்றுத்தாள் போதும். முகவரி மாறினால் ஓவர்லேயைத் திருத்தினால் சரி, பெட்டி பெட்டியாகப் படிவம் வீணாவதில்லை. எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.