மிலிட்டரிக்காரரை வைத்து ஓர் அரசியல் த்ரில்லர்: பத்து நிமிடக் குறும்படத்துக்குக் கதை எழுதுவது எப்படி?

அரசியல் த்ரில்லர் என்றதும் டெல்லி, ஹெலிகாப்டர் என்று போய்விடாதீர்கள். ஒரு போனும் நாலு நண்பர்களும் இருந்தால் கிருஷ்ணகிரியே போதும்.

முதல் படி, ஆள். பெரிய அதிகாரியெல்லாம் வேண்டாம், ஓய்வு பெற்ற ஹவில்தார் என்று வையுங்கள். பெரும்பாலும் ஐம்பது வயதுக்குள் ஊர் திரும்பிவிடுவார்கள். உடம்பில் தெம்பு இருக்கும், கையில் வேலை இருக்காது. அப்படிப்பட்டவரைத்தான் கட்சிக்காரர்கள் தேடி வருவார்கள்.

இரண்டாம் படி, அவருடைய ஒழுங்கு. அதிக நேரம் இதில் செலவழியுங்கள். "நான் பட்டாளத்தான்" என்று வசனம் வைத்தால் படம் அங்கேயே படுத்துவிடும். விடிகாலை நாலரை மணி. போர்வையை மூலைக்கு மூலை சேர்த்து மடிக்கிறார். செருப்பு இரண்டும் சுவரோரம் ஒரே கோட்டில். டீக்கடையில் வாசல் தெரிகிற பெஞ்சில்தான் உட்காருகிறார். இது ஒரு நிமிடம் பேச்சில்லாமல் ஓடட்டும். பிறகு ஒருநாள் அந்தப் போர்வை மடிக்காமல் கிடந்தால், என்னமோ ஆகிவிட்டது என்று பார்ப்பவருக்கே புரியும்.

மூன்றாம் படி, உத்தரவு. கிரானைட் குவாரி லாரிகளின் எண்களைக் குறித்து வைத்திருக்கும் ஒரு பையனிடமிருந்து அந்த நோட்டை வாங்கி வரச் சொல்கிறார்கள் கட்சிக்காரர்கள். ஏன் என்று கேட்டுப் பழகாதவர், கிளம்பிவிடுகிறார். பிரித்துப் பார்த்தால் அனுப்பிய கட்சி, எதிர்க்கட்சி என இரண்டு பக்கத்து ஆட்களின் லாரிகளும் அதில் இருக்கின்றன. எதிர்க்கட்சிக்காரரை நல்லவராக்கினால் கதை மேடைப்பேச்சாகிவிடும், ஜாக்கிரதை.

முடிவு? நோட்டைச் சொன்ன நேரத்துக்குக் கொடுத்துவிடுகிறார். அப்புறம் அதே குவாரி கேட்டில் செக்யூரிட்டியாக நின்று, லாரி எண்களை அவரே எழுதுகிறார்.

இடத்துக்குச் செலவே இல்லை. சீசனில் மாங்கூழ் ஆலைகளுக்கு முன்னால் நிற்கும் மாங்காய் லாரி வரிசைக்குள் ஒருவரைப் பின்தொடர்ந்து பாருங்கள், பரபரப்பு தானாக வரும். ராயக்கோட்டை மலைக்கோட்டை வேண்டுமென்றால் தொல்லியல் துறையிடம் முன்அனுமதி வாங்குங்கள்.

ராணுவச் சீருடை வேண்டாம். ராணுவத்தில் இல்லாதவர், ராணுவத்தான் என்று நம்பவைக்க அதை அணிந்தால் பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) 168-ஆம் பிரிவில் குற்றம். நடிப்புதான் என்று ரோட்டில் போலீஸிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? நம் ஆள் ஓய்வு பெற்றவர்தானே, வெள்ளைச் சட்டை போதும்.

எழுதி முடித்ததும் உங்கள் தெருவிலுள்ள மிலிட்டரிக்காரர் யாரிடமாவது படித்துக் காட்டுங்கள். பதவிப் பெயரோ சல்யூட்டோ தப்பாக இருந்தால் முதல் பக்கத்திலேயே நிறுத்திவிடுவார்.